லாஸ் என்று எழுதிய கேபிள்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு கேபிள் துண்டு காந்தத்தில் ஒட்டிக்கொண்டது.

இதிலென்ன அதிசயம் என்று கேட்பீர்கள். கேபிளுக்குள் இருப்பது செம்புக் கம்பி. செம்பு காந்தத்தில் ஒட்டாது என்பது பள்ளிக்கூடப் பாடம். ஆனால் ஒட்டியது. அது மட்டும் ஒட்டாமல் போயிருந்தால் என் மைத்துனி செல்வி இந்நேரம் அப்பா ஊரான கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை பறித்துக்கொண்டிருப்பாள். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால்தான் அது கடலை.)

வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எதையும் நடுவிலிருந்து சொன்னால் எனக்கே குழம்பிவிடும்.

செல்வி என் மனைவி சரோஜாவின் தங்கை. எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறாள். கணவர் பெங்களூருக்குக் காய்கறி வேன் ஓட்டுகிறார். பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். செல்விக்குச் சும்மா உட்கார வராது. முதலில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்தாள். மூடினாள். பிறகு எஸ்.டி.டி. பூத் வைத்தாள். அதையும் மூடினாள்.

இரண்டு தடவையும் என் மாமனார் கீழ்பென்னாத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தார். மூடிய ஷட்டரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"லாஸா?"

அவ்வளவுதான் கேட்டார். திட்டியிருந்தால்கூடப் பதிலுக்குப் பேசியிருப்பாள். ஒற்றை வார்த்தைக்கு என்ன பதில் சொல்வது? அன்றிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்டாலே செல்விக்கு முகம் சுருங்கிவிடும்.

மூன்றாவதாக, எங்கள் தெருவுக்குக் கேபிள் டிவி கொடுக்கப்போகிறேன் என்று ஆரம்பித்தாள். மாமனார் மறுக்கவில்லை. ஒன்று மட்டும் சொன்னார்.

"இதுவும் போச்சின்னா பேசாம ஊருக்கு வந்துடும்மா. மல்லாட்டை பறிக்க ஆள் கம்மியா இருக்குது."

"சரிப்பா" என்று வார்த்தை கொடுத்துவிட்டாள். செல்வி வார்த்தை கொடுத்தால் கொடுத்ததுதான்.

கேபிள் டிவிக்கு முதலில் வேண்டியது டிஷ். டிஷ் வைக்க மொட்டை மாடி. இதில்தான் முதல் சிக்கல்.

எங்கள் தெருவில் மாடி இல்லாத வீடு குறைவு. எல்லா மாடியிலிருந்தும் மலை தெரியும். மலை தெரிந்தால் தீபம் தெரியும். கார்த்திகை தீபத்தன்று ஒவ்வொரு மாடியிலும் சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், வேலூரிலிருந்து வந்த சம்பந்தி என்று கால் வைக்க இடம் இருக்காது. அந்த மாடி நடுவே பத்தடி டிஷ் ஒன்று குடை விரித்து நிற்பதா? செல்வி வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். காபி கொடுத்தார்கள். மாடி கொடுக்கவில்லை.

"நம்ம மாடியிலயே வெச்சிக்கட்டுமா?" என்று நான் சரோஜாவிடம் மெதுவாகக் கேட்டேன்.

"வெச்சிக்கலாமே. தீபத்தன்னிக்கி எங்க அப்பாவ எங்க நிக்க வெக்கப்போறீங்க, டிஷ் மேலயா?"

அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவேயில்லை.

கடைசியில் தெருவுக்குப் பின்னால், சந்து தாண்டி, தெரிந்தவருடைய காலிமனை கிடைத்தது. முருங்கை மரம் இரண்டு, கிணறு ஒன்று. கூரை கிடையாது, கரண்ட் கிடையாது. ஆகவே டிஷ் அங்கே. மற்ற பெட்டிகளெல்லாம் செல்வி வீட்டு முன் அறையில். இரண்டுக்கும் நடுவில் கேபிள் போகவேண்டும். நேர்க்கோட்டில் அளந்தால் கொஞ்சம்தான். ஆனால் கேபிள் காக்கை இல்லையே? சுவரோரமாக, சந்தைச் சுற்றி, வளைவுகளுக்கும் சேர்த்து டேப் பிடித்து அளந்தேன். தொண்ணூறு மீட்டர்.

"இவ்ளோ தூரமா?" என்று தலையைச் சொறிந்தான் பாஷா. டிஷ் மாட்டிக் கொடுக்க ஒப்புக்கொண்ட மெக்கானிக். நல்ல பையன், முப்பது வயது, எதற்கும் கலங்கமாட்டான். "பரவால்ல சார். படம் டல்லடிச்சா ஒரு பூஸ்டர் போட்டுக்கலாம்."

பூஸ்டர் என்பது தீப்பெட்டி போல ஒரு சின்னப் பெட்டி. கேபிளின் நடுவில் கோத்துவிட்டால் சிக்னலைப் பெரிதாக்கிக் காட்டும். பாஷாவுக்கு அதில் அசைக்க முடியாத நம்பிக்கை.

கேபிள் வாங்க நானும் செல்வியும் சென்னைக்குப் பஸ் ஏறினோம். எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர் மேஜைமேல் மூன்று துண்டுகளை எடுத்து வைத்தார். ஒன்று பேனா ரீஃபில் மாதிரி ஒல்லி. ஒன்று நடுத்தரம். ஒன்று சுண்டுவிரல் பருமன்.

"ஒல்லியா இருக்கறதுல லாஸ் ஜாஸ்திங்கம்மா. நடுவுல இருக்கறதுல மீடியம். குண்டுல லாஸ் கம்மி."

செல்வி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "மாமா, இன்னா இவரு வாயத் தொறந்தா அதையே சொல்றாரு?"

"அது வியாபார லாஸ் இல்லம்மா. கேபிள்ல போவும்போது சிக்னல் கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சி போவும். அதத்தான் அப்டி சொல்றாரு."

அவள் முகம் தெளியவில்லை. எனக்கு ஒரு யோசனை வந்தது. "நகை செய்யறப்ப சேதாரம்னு போடுவாங்க இல்ல? பவுன்ல கொஞ்சம் தேஞ்சி போவுது இல்ல? அந்த மாதிரிதான்."

"சேதாரமா? அப்டி சொல்லுங்க!" செல்வி கடைக்காரரிடம் திரும்பினாள். "எதுல சேதாரம் கம்மி, அதக் குடுங்க."

கடைக்காரர் அரை விநாடி யோசித்தார். பிறகு அவரும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். "இந்த குண்டுலதாங்கம்மா சேதாரமே கெடையாதுன்னு சொல்லலாம். செய்கூலி மட்டும்தான் ஜாஸ்தி!" சிரித்துக்கொண்டே சுருளைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.

செல்வி குனிந்து பார்த்தாள். கருப்பு உறைமேல் வெள்ளை எழுத்து. பிளஸ் டூ படித்தவள், எழுத்துக் கூட்டிப் படித்தாள். லோ லாஸ். ஒரு முழம் தள்ளி மறுபடி லோ லாஸ். அதற்கு ஒரு முழம் தள்ளி மறுபடியும்.

"மாமா, முழத்துக்கு முழம் லாஸ்னு எழுதியிருக்குது!"

"லோன்னா கம்மிம்மா. லாஸ் கம்மின்னு எழுதியிருக்கான். நல்ல விஷயம்தானே?"

"கம்மியோ ஜாஸ்தியோ... தொழில் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி ஒட்டிக்கினு போவணுமா? எங்க அப்பா வந்து படிச்சார்னா?"

கடைக்காரர் கெஞ்சினார். நான் எடுத்துச் சொன்னேன். பெண் அசையவில்லை. ஒன்றும் எழுதாத நடுத்தரச் சுருளைக் காட்டி, "இதுல ஓடுமா, ஓடாதா?" என்று கேட்டாள்.

"ஓடும்ங்க. நூறு மீட்டர் வரைக்கும் படத்துக்கு ஒண்ணும் ஆவாது."

அவர் பொய் சொல்லவில்லை. படத்துக்கு ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் நானும் மனக்கணக்குப் போட்டுப் பார்த்தேன். மீட்டருக்கு இவ்வளவு சேதாரம் என்றால் தொண்ணூறு மீட்டருக்கு எவ்வளவு? தாங்கும் என்றே விடை வந்தது. கணக்கு சரி. கணக்கில் பாதியைப் போடவேயில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் காலை பத்து மணிக்குப் படம் வந்தது. பளிச்சென்று வந்தது! செல்வி கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் நறுக்கி, தெரு முழுக்கக் கேசரி கொடுத்தாள். பாஷா காலரைத் தூக்கி விட்டுக்கொண்டான்.

மாலையில் படம் போய்விட்டது.

முதலில் எள்ளு தூவினாற்போலப் புள்ளிகள். அப்புறம் மழை. அப்புறம் வெறும் இரைச்சல். எதிர்வீட்டுக் கற்பகம்தான் முதலில் வந்தார். மூன்று பிள்ளைகள், ஒரு மாமியார், ஒரு டிவி – தெருவின் குரல் அவர்தான்.

"ஏம்மா செல்வி, பகல்ல யாரு டிவி பாக்கறாங்க? பகல்ல நாங்க சோறாக்க வேணாமா? சாயந்தரம்தானே படம் வேணும்?"

"பாத்துடறோம் அக்கா. நாளைக்கு சரியாயிடும்."

மறுநாள் பாஷா ஒரு பூஸ்டர் மாட்டினான். பகலில் படம் அருமை. மாலையில் முன்னைவிடச் சீக்கிரம் போயிற்று. "பூஸ்டர் பத்தல சார்" என்று இன்னொன்று மாட்டினான். அன்று அந்தி சாய்வதற்குள்ளேயே படம் போய்விட்டது. மூன்றாவதை மாட்டட்டுமா என்று அவன் கேட்டபோது, அப்படி மாட்டினால் மத்தியானமே போய்விடுமோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

தினமும் சாயங்காலம் செல்வி வீட்டு வாசலில் கூட்டம். அவள் ஒவ்வொருவரிடமும் ஒரே பதிலைச் சொல்லி, தொண்டை கட்டிக்கொண்டது. பக்கத்துத் தெரு ஆபரேட்டர் சும்மா இருப்பாரா? அவருடைய ஆள் சைக்கிள் கேரியரில் கேபிள் சுருளைக் கட்டிக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் நிற்க ஆரம்பித்தான். ஒன்றும் பேசமாட்டான். நிற்பான். வெள்ளிக்கிழமைக்குள் படம் சரியாகாவிட்டால் லைனை மாற்றிக்கொள்வது என்று தெருவில் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். அதைச் செல்வியிடம் வந்து சொன்னவரும் கற்பகம்தான்.

"தப்பா நெனைக்காத செல்வி. உன் மேல ஒண்ணும் கோவம் இல்ல. பசங்க உயிர வாங்குது."

"இல்லக்கா. நீங்க சொல்றது நாயம்தான்."

புதன்கிழமை செல்வி எங்கள் வீட்டுக்கு வந்தாள். சரோஜா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா, ஊர்ல என் பொட்டி வெக்க இடம் இருக்குமா, இல்ல தம்பி ரூம ஆக்கிரமிச்சிக்கிட்டானா?" என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். சரோஜா மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டாள். நான் பேப்பர் படிப்பதுபோல் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

மிஷின் நின்றபோது மடியிலிருந்த குண்டூசிகள் கீழே கொட்டின. சரோஜா பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தம் ஒன்று வைத்திருக்கிறாள், ஊசி பொறுக்க. அதைத் தரையில் ஓட்டினாள். ஊசிகள் ஒட்டின. கூடவே ஒரு விரல் நீளக் கேபிள் துண்டும் துள்ளி வந்து ஒட்டியது. முந்தின நாள் பாஷா இங்கே உட்கார்ந்து நுனி சீவியபோது விழுந்தது.

"இது எதுக்குங்க ஒட்டுது?" என்றாள் சரோஜா. "செம்புதானே?"

பேப்பரை மடித்து வைத்தேன்.

துண்டை வாங்கி, நுனியைக் கத்தியால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம். உள்ளே வெள்ளையாக – இரும்பு! செம்பு முலாம் பூசிய இரும்புக் கம்பி. கவரிங் வளையல் கதை.

பாஷாவை ஆள் விட்டு அழைத்தேன். அவன் பார்த்துவிட்டு அலட்சியமாகச் சொன்னான்: "இது தெரிஞ்ச விஷயந்தான் சார். பாதி கேபிள் இப்டித்தான் வருது. சிக்னல் கம்பியோட மேல்தோல்லயே ஓடிடும். உள்ள இரும்பா இருந்தா இன்னா, செம்பா இருந்தா இன்னா? படத்துக்கு ஒண்ணும் ஆவாது."

மறுபடியும் அதே வாசகம். படத்துக்கு ஒன்றும் ஆகாது...

"படத்தத் தவிர வேற என்ன பாஷா போவுது இதுல?"

"வேற இன்னா சார்? எல்.என்.பி.க்குக் கரண்ட்டு..."

அவன் வாயை மூடவில்லை. கையிலிருந்த துண்டை மறுபடி பார்த்தான்.

எல்.என்.பி. என்பது டிஷ்ஷுக்கு எதிரே கம்புகளில் நிற்கும் சின்ன டப்பா. வானத்திலிருந்து வருவதை வாங்கிக் கொடுப்பது அதுதான். அது வேலை செய்யக் கரண்ட் வேண்டும். மனையில் ஏது கரண்ட்? வீட்டிலிருக்கும் பெட்டிதான் அதே கேபிள் வழியாக அனுப்புகிறது. படம் வீட்டுக்கு வருகிறது. கரண்ட் டிஷ்ஷுக்குப் போகிறது. ஒரே கம்பி, இரண்டு வேலை. படம் மேல்தோலில் ஓடிவிடும். கரண்ட்டுக்கு முழுக் கம்பியும் வேண்டும். இரும்பில் அது இழுத்துப் பறித்துக்கொண்டுதான் போகும்.

பாஷா மீட்டரை எடுத்துக்கொண்டு மனைக்கு ஓடினான். நான் பின்னாலேயே போனேன். பெட்டியிலிருந்து பதினெட்டு வோல்ட் கிளம்புகிறது. டிஷ்ஷில் வந்து சேர்வது பன்னிரண்டு. சாயங்காலம் தெருவில் எல்லா வீட்டிலும் லைட், ஃபேன் போட்டதும் லோ வோல்டேஜ். பெட்டியே பதினைந்துதான் தருகிறது. டிஷ்ஷுக்குப் போய்ச் சேர்ந்தது ஒன்பது. எல்.என்.பி. பாவம், பசி மயக்கத்தில் படுத்துவிடுகிறது.

"அப்ப பூஸ்டரு?" என்று கேட்டேன்.

பாஷா தலையில் அடித்துக்கொண்டான். "அதுவும் அதே கம்பிலேருந்துதான் சார் கரண்ட் தின்னுது. ஒருத்தனுக்கே சோறு பத்தல, ரெண்டு விருந்தாளிய வேற கூப்ட்டு உக்கார வெச்சிட்டேன்!"

எனக்கு என் ஆபீஸ் ஞாபகம் வந்தது. மேலிடத்திலிருந்து ஒரு விவரம் கேட்பார்கள். எழுத ஆள் இருக்காது. காலியிடத்தை நிரப்பித் தரமாட்டார்கள். விவரம் போகாது. ரிமைண்டர் வரும். அந்த ரிமைண்டருக்குப் பதில் எழுத, இருக்கிற ஒரு ஆளும் உட்காருவான். விவரம் இன்னும் தாமதமாகும். இரண்டாவது ரிமைண்டர் வரும்... வருவதையே எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பவர்கள், போகவேண்டியது போயிற்றா என்று ஏன் பார்ப்பதேயில்லை?

சரி, ஆபீஸை விடுங்கள்.

வியாழன் விடியற்காலை பாஷாவைச் சென்னைக்கு அனுப்பினேன், காந்தத்தையும் கையில் கொடுத்து. சாயங்காலம் சுண்டுவிரல் பருமன் கேபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கினான். "ஒட்டல சார்! நடுக்கம்பி சுத்தமான செம்பு. கடைக்காரரே காந்தம் வெச்சிக் காட்டுனாரு."

செல்வி சுருளைப் பார்த்தாள். முழத்துக்கு முழம் அதே எழுத்து. ஒருபக்கம் கீழ்பென்னாத்தூர், ஒருபக்கம் இந்த எழுத்து. நான் வாயைத் திறக்கப் போனேன். சரோஜா கண்ணால் அடக்கினாள்.

"ஏண்டி, இது எங்க போவப்போவுது?"

"பைப்புக்குள்ள போட்டு, மண்ணுல பொதைக்கப் போறாங்க."

"அப்ப உன் லாஸையெல்லாம் தோண்டிப் பொதைக்கறோம்னு நெனைச்சிக்க. மேல மண்ணப் போட்டு நல்லா மிதிச்சிடு."

செல்வி சிரித்தாளே ஒரு சிரிப்பு! வெள்ளிக்கிழமை காலை பள்ளம் தோண்டி, பைப்பில் கேபிளை நுழைத்து, மண்ணைத் தள்ளியதும் அவளே இறங்கி மிதித்தாள். ஒரு அடி விடாமல் மிதித்தாள்.

பாஷா இரண்டு பூஸ்டர்களையும் கழற்றிப் பையில் போட்டான். மீட்டரை வைத்துப் பார்த்தான். டிஷ்ஷில் பதினேழுக்கு மேல் நின்றது முள்.

அன்று மாலை. தெருவில் லைட்டுகள் எரிந்தன. டியூப்லைட்டுகள் வழக்கம்போலக் கண்ணைச் சிமிட்டின. நான், சரோஜா, செல்வி, பாஷா – நாலு பேரும் செல்வி வீட்டு முன் அறையில். படம் தெளிவாக இருந்தது. ஆனாலும் யாரும் படத்தைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இப்போது கற்பகம் வருவார். இதோ வருவார்...

வரவில்லை. யாரும் வரவில்லை. எல்லா வீட்டு ஜன்னலிலும் ஒரே பாட்டு கேட்டது. தெருமுனையில் நின்றவன் கொஞ்ச நேரம் பார்த்தான். கேரியர் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் திருப்பினான்.

"யாருமே வரல மாமா" என்றாள் செல்வி. "ஒருத்தர்கூட வரல."

சில தொழில்களில் பாராட்டு இப்படித்தான் வரும். யாரும் வராததுதான் பாராட்டு. நான் வெகு நாளைக்குப் பிறகு அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வந்தார். நடு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முழுப் படம் பார்த்தார். எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மல்லாட்டைக்கு ஆளு கெடைச்சிட்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார். செல்வி உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை காலை நான் ஆபீஸ் கிளம்பும் நேரம். செல்வி வீட்டு வாசலில் கற்பகம் நின்றுகொண்டிருந்தார். என்ன, மறுபடியுமா? நடையை எட்டிப் போட்டேன்.

கற்பகம் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தார். "செல்வி, படம் ரொம்ப நல்லா வருதும்மா. கண்ணாடி மாதிரி வருது. அதான் இப்ப தொந்தரவு. மூணு பசங்களும் பொட்டி முன்னாடி உக்காந்தா எழுந்திரிக்க மாட்டேங்குது, பரீட்சை வருது. சாயந்தரத்துல மட்டும்... முன்ன மாதிரி கொஞ்சம் டல்லா வுட முடியுமா?"

செல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இந்தத் தொழிலில் இருபது வருஷம் பழுத்த ஆபரேட்டர் மாதிரி சொன்னாள்:

"அது நம்ம கையில இல்லக்கா. டிவி சுவிச்சு உங்க வீட்லதான் இருக்குது."